சிலுவையும் கொடியும் – 9: பகைவனுக்கு நீண்ட ஆயுளா?

போன வாரம் போதகர் ஸ்டூவர்ட்டை முழங்காலிலேயே விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் அவரை எழுப்பிவிடலாம். எழுப்பப் போவது நாமல்ல, குதிரைப்படைச் சிப்பாய்கள்.

1862 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. போட்டோமாக் ஆற்றின் வர்ஜீனியாக் கரையில், வாஷிங்டனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அலெக்சாண்டிரியா நகரம். வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய்விட்ட மாநிலம். ஆனால் அலெக்சாண்டிரியா எட்டு மாதத்துக்கும் மேலாக லிங்கனின் ராணுவத்தின் பிடியில் இருக்கிறது. செயின்ட் பால் ஆலயத்தில் காலை ஆராதனை நடக்கிறது. சபையார் முழங்காலில். நீலச் சீருடைக்காரர்கள் சிலரும் வந்திருக்கிறார்கள். கையில் ஜெபப் புத்தகம் இருந்தாலும், அவர்கள் காது போதகர் எந்த வரியைத் தாண்டிப் போகிறார் என்பதிலேயே இருக்கிறது.

ஸ்டூவர்ட் தாண்டினார். ஒரு ஜெபத்தை முழுதாக விட்டுவிட்டு, நேரே லித்தானியா என்ற மன்றாட்டு வரிசைக்குள் போய்விட்டார். அதிகாரி எழுந்து, விட்ட ஜெபத்தைச் சொல்லும்படி உத்தரவிட்டார். போதகர் காதில் விழாதவர்போலத் தொடர்ந்தார். உத்தரவு இன்னொரு முறை வந்தது. அதற்கும் லித்தானியாதான் பதில். அடுத்த நிமிடம் உருவிய வாளும் கைத்துப்பாக்கியுமாகச் சிப்பாய்கள் பலிபீடத்தடியில் நின்றார்கள். பிரார்த்தனை செய்துகொண்டிருந்த மனிதரை எழுப்பி, போட்டிருந்த அங்கியோடேயே தெருவில் நடத்திக்கொண்டு போனார்கள். பெண்கள் அலறினார்கள்.

விரைவிலேயே அவரை விடுவித்தும் விட்டார்கள். ஆனால் நடந்ததை அச்சிட்ட உள்ளூர்ப் பத்திரிகையின் அலுவலகம் மறுநாள் இரவே தீக்கிரையானது. ஆலயம் பிறகு ராணுவ மருத்துவமனையானது.

அப்படி அவர் வாயில் வர மறுத்தது என்ன?

*

ஸ்டூவர்ட்டின் எப்பிஸ்கோப்பல் சபை என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்கக் கிளை. நம்மூர் சி.எஸ்.ஐ. சபைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆராதனை அச்சிட்ட புத்தகத்தின்படி நடக்கும். எந்த ஜெபத்துக்குப் பின் எந்த ஜெபம் என்பது சபைப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். காலை ஆராதனையில் ஓரிடத்தில் அமெரிக்க ஜனாதிபதிக்கும் அதிகாரத்தில் உள்ள மற்றவர்களுக்குமான ஜெபம் வரும். கேட்பது கொஞ்சநஞ்சமில்லை. அவருக்கு இறைவரம் வேண்டும், ஆரோக்கியம் வேண்டும், செழிப்பு வேண்டும், நீண்ட ஆயுள் வேண்டும். இந்த வாழ்க்கை முடிந்தபின் முடிவில்லாப் பேரின்பமும் வேண்டும்.

ஆபிரகாம் லிங்கனுக்கு! மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வர்ஜீனியாத் தாய், அந்த மகனைச் சுடப் படை அனுப்பியவருக்கு முழங்காலிட்டு ஆயுள் கேட்க வேண்டும். சொர்க்கத்திலும் ஓர் இடம் கேட்க வேண்டும்.

மற்றச் சபைகளுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. அடிமை முறையை வைத்து மெதடிஸ்டுகள் 1844-இலும் பாப்டிஸ்டுகள் 1845-இலும் வடக்கு, தெற்கு என்று ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள். தவிர, அவர்களுடைய போதகர்கள் மனதில் வருவதைச் சொல்லி ஜெபிப்பவர்கள். ‘ஆள்வோருக்கு நல்ல புத்தி கொடும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், எந்த ஆள்வோர் என்று கேட்டுக்கொண்டு கடவுளும் வரமாட்டார், ராணுவமும் வராது. எப்பிஸ்கோப்பல் போதகருக்கு அந்த ஒதுங்குமிடம் கிடையாது. வரி அச்சில் இருக்கிறது. படித்தால் தெரியும், விட்டால் அதைவிட நன்றாகத் தெரியும். வாரம் முழுக்கத் திண்ணையில் லிங்கனைத் திட்டிவிட்டு ஞாயிறு காலையில் நல்ல கிறிஸ்தவனாக இருந்துவிடலாம் என்ற ஏற்பாடு, இந்த ஒரு பத்தியில் வந்து முட்டிக்கொண்டது.

இதில் இன்னொரு சிக்கல், வேதாகமம். ராஜாக்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபியுங்கள் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். அதை அவர் எழுதியதாகச் சபை நம்பும் காலத்தில் ரோமாபுரியின் அரியணையில் இருந்தவன் நீரோ. நல்ல ராஜாவுக்கு மட்டும் என்று சலுகை கேட்க வழியில்லை.

இதே முட்டல் இதே சபைக்கு இதற்கு முன்பும் வந்திருக்கிறது. 1776 ஜூலை 4, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த அதே நாள். ஃபிலடெல்ஃபியாவின் கிறைஸ்ட் சர்ச்சில் நிர்வாகக் குழு கூடி, இனி இங்கிலாந்து ராஜாவுக்கு ஜெபம் இல்லை என்று தீர்மானம் போட்டது. போதகர் ஜேக்கப் டூஷே பேனாவை எடுத்து, தம் ஜெபப் புத்தகத்தில் ராஜா வரும் வரிகளை அடித்தார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. பதினைந்து மாதம் கழித்து ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனதும், அதே டூஷே ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சண்டை போதும், சுதந்திரப் பிரகடனத்தைத் திரும்பப் பெற வழிசெய்யுங்கள் என்று! அடித்த மையின் ஈரம்கூடக் காயவில்லை.

(இங்கேயும் வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிச் சபைகளில் ராஜாவுக்கும் ராணிக்கும் ஜெபம் உண்டு. 1930-களில் கதர் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனவர்கள் அந்த இடம் வந்தபோது ‘ஆமென்’ சொன்னார்களா, வாயை மூடிக்கொண்டார்களா? யாராவது தேடி எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.)

1861-இல் தெற்கத்திய மாநிலங்கள் பிரிந்தபோது, பேராயர்கள் டூஷேயின் வைத்தியத்தையே கையாண்டார்கள். வரியில் இருந்த ‘ஐக்கிய நாடுகள்’ போய், ‘கூட்டமைப்பு நாடுகள்’ வந்தது. லிங்கனுக்குக் கேட்ட ஆயுளும் ஆரோக்கியமும் அப்படியே கூட்டமைப்பின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ் கணக்குக்கு மாறின. லூசியானாவின் பேராயர் லியோனிடஸ் போல்க் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கிக்கு மேல் ராணுவச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெனரலாகிவிட்டார். 1864-இல் பீரங்கிக் குண்டு அவரைத் துளைத்தது. அவர் கதை தனி அத்தியாயம் கேட்கும், பிறகு பார்ப்போம்.

புத்தகத்தை மாற்றுவது சுலபமாக இருந்தது. மாற்றிய புத்தகத்தோடு எதிரியின் ராணுவத்துக்கு முன்னால் முழங்காலிடுவதுதான் கஷ்டம்.

*

1862 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஜெனரல் பெஞ்சமின் பட்லர் கையில் வந்தது. பட்லரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் மீதிக்கதை ருசிக்கும். 1860-இல் ஜனநாயகக் கட்சி, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, மாசசூசெட்ஸ் பிரதிநிதியான இவர் 50 சுற்றுக்கு மேல் விடாப்பிடியாக ஒரே ஆளுக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஜெபர்சன் டேவிஸ்! இரண்டே வருடத்தில், டேவிஸுக்காக யாராவது ஜெபித்தால் உள்ளே தள்ளுவேன் என்கிறார்.

வந்த வேகத்தில் போட்ட உத்தரவுகளில் ஒன்று, டேவிஸ் அறிவித்த உபவாச நாளை எந்த ஆலயமும் அனுசரிக்கக் கூடாது என்பது. ஊரின் எப்பிஸ்கோப்பல் போதகர்கள் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். டேவிஸ் பெயரும் வேண்டாம், லிங்கன் பெயரும் வேண்டாம், அந்த ஜெபத்தையே விட்டுவிடுவோம். பட்லர் வக்கீல். மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு என்று வாதாடத் தெரிந்தவர். விட்டாலும் குற்றம் என்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. போதகர் குட்ரிச் ஆராதனை நடத்துகிறார். சபையில் பட்லரின் உதவியாளர் மேஜர் ஸ்டிராங் உட்கார்ந்திருக்கிறார். ஜனாதிபதிக்கான ஜெபம் வர வேண்டிய இடம் வருகிறது, வராமலே போகிறது. ஸ்டிராங் எழுந்தார். நானும் வழிபடத்தான் வந்தேன், ஆனால் உங்கள் போதகர் ஜனாதிபதிக்கான ஜெபத்தை விட்டுவிட்டதால் ஆராதனையை முடித்துவைக்கிறேன், பத்து நிமிடத்தில் இந்த வீடு பூட்டப்படும் என்று அறிவித்தார். சபை கொதித்தது. பெண்கள் மேஜரை முகத்துக்கு நேரே ஏசினார்கள். பத்து நிமிடத்தில் ஆலயம் பூட்டப்பட்டது.

லீகாக், குட்ரிச், ஃபுல்டன் என்ற மூன்று போதகர்களை பட்லர் கைதிகளாக நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார். அதற்கு முன் நடந்ததாக ஓர் உரையாடல் சொல்வார்கள். ‘ஆலயங்களை மூடப்போகிறீர்களா, ஜெனரல்?’ என்று போதகர் ஒருவர் கேட்டாராம். ‘இல்லை, போதகர்களைத்தான் மூடுவேன்’ என்றாராம் பட்லர். அவரைத் தெரிந்தவர்கள் நம்பக்கூடிய பதில்தான்.

பட்லர் போனபின்னும் நிலைமை மாறவில்லை. 1863 கிறிஸ்துமஸ் அன்று, மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க்கில் நடந்ததைப் பாருங்கள். ஆறே மாதம் முன்பு முற்றுகையில் வெந்து, கடைசியில் சரணடைந்த ஊர். அங்கே போதகர் ஜனாதிபதிக்கான ஜெபத்தைச் சொல்லிவிட்டார். உடனே 5 பெண்கள் எழுந்து, எல்லாரும் பார்க்க வெளியே நடந்தார்கள். கிறிஸ்து பிறந்த நாளில் பகைவனுக்கு ஆயுள் கேட்பதா என்ற ரோஷம். இரண்டு நாளில் ஜெனரல் மெக்ஃபர்சனின் உத்தரவு வந்தது. 48 மணி நேரத்துக்குள் ஐவரும் ராணுவ எல்லையை விட்டு வெளியேற வேண்டும். முழங்காலிலிருந்து எழுந்ததற்கு நாடுகடத்தல்!

பக்கத்திலேயே நாட்செஸ் நகரத்தின் கத்தோலிக்க ஆயர் எல்டர், கோபமே இல்லாமல் மறுத்தார். பலிபீடத்தில் என்ன ஜெபம் சொல்வது என்று எனக்குக் கட்டளையிட ராணுவத்துக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான் என்றார். 1864 கோடையில் அவரை ஆற்றுக்கு அக்கரைக்குத் துரத்தினார்கள். சில வாரத்தில் திரும்ப அனுமதித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு இவருடையது. வெறுப்பைக் கொள்கை என்று சொல்லி ஏமாற்றாமல், கொள்கையைக் கொள்கையாகவே வைத்திருந்தவர்.

மற்றவர்களிடம் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. ‘மனதில் இல்லாததைக் கடவுளிடம் சொல்வது பொய்’ என்பதுதான் மறுத்த போதகர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைச் சற்றே மேலே தூக்கிப் பாருங்கள். தெற்கத்திய ஆலயங்கள் பலவற்றில் மாடி உண்டு. அடிமைகள் உட்காரும் இடம் அது. 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். கீழே அதே போதகர், அதே பீடத்திலிருந்து, எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று மாடியைப் பார்த்து ஆண்டாண்டு காலமாகப் பிரசங்கித்திருக்கிறார். அப்போதெல்லாம் உறுத்தாத மனசாட்சி, லிங்கனுக்கு ஆரோக்கியம் கேட்கும் இடத்தில் வந்து நொண்டுகிறது. ஜனாதிபதிக்கான ஜெபம் விடுபட்ட அந்த ஞாயிறுகளில் மாடியில் இருந்தவர்கள் தங்கள் மனதுக்குள் யாருக்கு ஆயுள் கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களைச் சோதிக்க எந்த மேஜரும் தேவைப்படவில்லை.

இதனால் ராணுவம் செய்தது சரியாகிவிடாது. துப்பாக்கி முனையில் வாங்கும் ஆசீர்வாதத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? இந்தக் கேள்வி அந்த நாட்டில் ஒருவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. யாருக்காக இத்தனை ரகளையோ, அவருக்கு.

*

செயின்ட் லூயிஸ் நகரத்தின் பிரஸ்பிட்டேரியன் போதகர் சாமுவேல் மெக்ஃபீட்டர்ஸ். பிரசங்கத்தில் அரசியல் பேசாதவர். ‘அரசியல் பேசமாட்டேன்’ என்று சொல்வதே அரசியல் என்று குமுறினார்கள் சபையில் இருந்த லிங்கன் ஆதரவாளர்கள். 1862-இல் ஒரு குழந்தைக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். பெற்றோர் வைத்த பெயர் ஸ்டெர்லிங் பிரைஸ். அது தெற்கத்தியப் படையின் மிசௌரி ஜெனரல் ஒருவரின் பெயர்! தண்ணீர் தெளித்த கையே துரோகம் செய்த கையாகிவிட்டது. அந்த டிசம்பரில் ராணுவ அதிகாரி உத்தரவு போட்டார்: போதகரும் மனைவியும் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும், ஆலயம் விசுவாசமானவர்கள் கைக்குப் போக வேண்டும்.

மெக்ஃபீட்டர்ஸ் ரயிலேறி நேராக வாஷிங்டன் போனார். லிங்கனைப் பார்த்தார். பேசி முடித்தபின் லிங்கன் செயின்ட் லூயிஸில் இருந்த ஜெனரல் கர்ட்டிஸுக்கு எழுதிய கடிதத்தின் தேதி 1863 ஜனவரி 2. அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மறுநாள்.

லிங்கன் பூசிமெழுகவில்லை. இந்த மனிதர் உள்ளுக்குள் கலகக்காரர்கள் பக்கம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அவர் செய்ததாகச் சொல்ல ஒரு செயலும் இல்லை, விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்கிறார், அதை மீறியதாகக் குற்றச்சாட்டும் இல்லை. மனசுக்குள் இருக்கும் அனுதாபத்தைச் சந்தேகித்து ஒருவரை நாடுகடத்தலாமா? ஒரு தனிமனிதர், ஆலயத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, பொதுநலனுக்கு ஆபத்தானால் அவரைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் ஆலயங்களை நடத்தும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

தன்னை வெறுப்பவர் என்று தெரிந்தும் ஒரு போதகருக்காக எழுதிய கடிதம் இது. நாடுகடத்தல் நின்றது. ஆலயம் மட்டும் எளிதில் திரும்பவில்லை. கடைசியில் அவருடைய சபையின் மேலமைப்பே அவரை அந்தப் பீடத்திலிருந்து விலக்கியது. ராணுவத்தைவிடச் சகோதரர்கள் கறாரானவர்கள்.

*

இனி நேரே 1865-க்குப் போய்விடுவோம். ஏப்ரல் 2, ஞாயிறு. தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் இருக்கும் செயின்ட் பால் ஆலயம். ஜெர்மனியில் பிறந்த போதகர் மின்னிகெரோடே ஆராதனை நடத்துகிறார். திருவிருந்து ஞாயிறு. தம் வழக்கமான இருக்கையில் ஜெபர்சன் டேவிஸ். 1862-இல் இதே போதகர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். கோவில் பணியாளர் ஒருவர் ஓசைப்படாமல் வந்து ஒரு தாளை நீட்டினார். தந்தி. அனுப்பியவர் தெற்கத்தியப் படைகளின் தளபதி ஜெனரல் லீ. இனித் தாக்குப்பிடிக்க முடியாது, இன்றிரவே நகரத்தைக் காலிசெய்ய வேண்டும்.

டேவிஸ் படித்தார். எழுந்தார். எதுவும் சொல்லாமல் வெளியே போனார். நான்கு வருடமாக ஞாயிறுதோறும் இவருக்குத்தான் நீண்ட ஆயுளும் செழிப்பும் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் ஊர் விழுந்தது. அதற்கு மறுநாள் லிங்கனே ரிச்மண்ட் தெருவில் நடந்தார். நகரத்தின் பொறுப்பில் இருந்த ஜெனரல் வைட்செலிடம், தோற்றவர்களை ரொம்ப நெருக்காதே என்ற ரீதியில் சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு. அன்றைக்குத்தான் லீ சரணடைந்ததும். ரிச்மண்டின் ஆலயங்களைத் திறக்க வைட்செல் அனுமதித்தார். டேவிஸுக்கு ஜெபம் கூடாது என்பது நிபந்தனை. லிங்கனுக்கு ஜெபித்தே ஆக வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை.

வாஷிங்டனில் இருந்த போர் அமைச்சர் ஸ்டான்டனுக்கு வந்ததே கோபம்! ஜெயித்த ஜனாதிபதிக்கு, தோற்ற ஊரில் ஒரு ஜெபம் கிடையாதா? வைட்செலிடம் விளக்கம் கேட்டார். வைட்செல் நேராக லிங்கனிடம் முறையிட்டார். ஏப்ரல் 12 அன்று லிங்கனிடமிருந்து பதில் தந்தி போனது. ரிச்மண்டில் இருந்தபோது ஜெபத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அங்கே என் போக்கு உங்களுக்கு எப்படித் தென்பட்டதோ அதன்படியே நடந்திருக்கிறீர்கள், எனக்குச் சந்தேகமில்லை. தனக்கு நீண்ட ஆயுள் வேண்டிக் கட்டாய ஜெபம் தேவையில்லை என்று அந்த மனிதர் சொல்லி முடித்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை, அதுவும் பெரிய வெள்ளி, இரவு நாடக அரங்கில் சுடப்பட்டார்.

லிங்கன் போய்விட்டார். ஜெபப் புத்தகத்தில் அந்தப் பத்தி மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அது புதிய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனுக்கு.

*

அலபாமாவின் பேராயர் பெயர் ரிச்சர்ட் ஹூக்கர் வில்மர். போர் நடந்த காலத்தில், 1862 மார்ச்சில், தெற்கத்தியச் சபை தானாகவே திருநிலைப்படுத்திய ஒரே பேராயர். வடக்கத்தியப் பேராயர்கள் ஒருவரும் அவருக்குச் சம்மதம் சொன்னதில்லை. வாய் கொஞ்சம் நீளம்.

சண்டை முடிந்ததும் மே, ஜூன் மாதங்களில் வில்மர் தம் போதகர்களுக்குச் சுற்றறிக்கைகள் அனுப்பினார். சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள். டேவிஸுக்கான ஜெபம் இனி இல்லை. ஆனால் ஜனாதிபதிக்கான ஜெபமும் இப்போதைக்கு வேண்டாம். காரணம்? அந்த ஜெபம் சிவில் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கானது. அலபாமாவில் நடப்பதோ ராணுவ ஆட்சி. அந்த ஆட்சி நீண்ட ஆயுளோடும் செழிப்போடும் இருக்க வேண்டும் என்று எவனாவது மனதாரக் கேட்பானா?

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். பட்லர் வக்கீல் என்றால் இவர் வக்கீலுக்கு வக்கீல். இந்த வாதத்தில் பாதி இறையியல், பாதி குத்தல். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். அரசியல் வெறுப்பு பக்தியோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்போது இப்படித்தான் வாடகைப் பத்திரம் எழுதிக்கொள்கிறது. எப்போதுதான் அந்த ஜெபத்தைச் சொல்வீர்கள் என்று ராணுவ அதிகாரி ஒருவர் வந்து கேட்டாராம். ‘நீங்களெல்லாம் இங்கிருந்து கிளம்பியதும்’ என்றாராம் பேராயர்.

கிளம்புவதாக அவர்கள் இல்லை. 1865 செப்டம்பர் 20 அன்று ஜெனரல் வுட்ஸ், பொது உத்தரவு எண் 38-ஐப் பிறப்பித்தார். பேராயர் வில்மரும் அலபாமாவின் எப்பிஸ்கோப்பல் போதகர்கள் அனைவரும் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார்கள். பிரசங்கம் கூடாது, ஆராதனை கூடாது. விசுவாசப் பிரமாணம் எடுத்து, ஜனாதிபதிக்கான ஜெபத்தை மறுபடி சொல்ல முன்வரும்வரை ஆலயங்கள் மூடியே கிடக்கும். ஒன்றிரண்டு ஊர்களில் இல்லை, மாநிலம் முழுக்க! போரின்போதுகூட இப்படி நடந்ததில்லை. கூட்டமைப்பு செத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, லிங்கனும் இல்லை. வில்மர் உத்தரவை ஏற்க மறுத்துக் கண்டனம் எழுதினார். பூட்டிய ஆலயத்தை விட்டுவிட்டு மக்கள் வீடுகளில் கூடினார்கள்.

இது நடந்த இரண்டாவது வாரத்தில் ஃபிலடெல்ஃபியாவில் சபையின் பொதுமாநாடு. அக்டோபர் 4.

1862-இல், போர் உச்சத்தில் இருந்தபோது இதே மாநாடு நியூயார்க்கில் கூடியது. தெற்கிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. வரவும் முடியாது. ஆனாலும் செயலர் வருகைப் பதிவைத் திறந்து அகரவரிசைப்படி வாசித்தார். முதல் பெயர், அலபாமா. பதில் இல்லை. அடுத்த பெயருக்குப் போனார். பிரிந்துபோனவர்கள் என்று யாரையும் அடிக்கவில்லை, வராதவர்கள் என்றே குறித்துக்கொண்டார்கள். டூஷேயின் பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது என்பதில் வடக்கத்தியச் சபை உறுதியாக இருந்தது. பெருந்தன்மைதான். ஆனால் அடிமை முறையைப் பற்றி ஆண்டாண்டு காலம் வாய் திறக்காமல் இருந்து கட்டிக்காத்த ஒற்றுமை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1865-இல் பெயர் வாசித்தால் பதில் வருமா? தெற்கிலிருந்து இரண்டு பேராயர்கள் துணிந்து வந்திருந்தார்கள். ஒருவர் வட கரோலினாவின் அட்கின்சன். இன்னொருவர் ஆர்கன்சாவின் ஹென்றி லே. 1862-இல் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் வடக்கத்திய ராணுவம் பிடித்துப் பிணையாக அடைத்து வைத்திருந்தவர்களில் இவரும் ஒருவர். தொடக்க ஆராதனைக்கு இருவரும் வந்தார்கள். பேராயர்களுக்கான இடம் முன்னால், பீடத்தருகே. அவர்கள் அங்கே போகவில்லை. அங்கி அணியவில்லை. சாதாரண சபையாரோடு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எல்லார் கண்ணும் பின்பக்கம் திரும்பியது. முன்னால் வரும்படி அழைப்பு போனது. இருவரும் உடனே எழுந்துவிடவில்லை. அவர்களுக்கு முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும். எந்த நிபந்தனையின் பேரில் எங்களைச் சேர்த்துக்கொள்வீர்கள்? யாருடைய அனுமதியும் இல்லாமல் நாங்கள் கைவைத்துத் திருநிலைப்படுத்திய வில்மரை, இந்த நிமிடம் ஆலயங்கள் பூட்டப்பட்டு நிற்கும் வில்மரை, பேராயர் என்று ஒப்புக்கொள்வீர்களா?

கேள்வியை நியூயார்க்கின் பேராயர் பாட்டர் முன்னால் எடுத்துப் போனார். பதில் சொல்ல வேண்டியவர் தலைமைப் பேராயர், வெர்மான்ட்டின் முதியவர் ஜான் ஹென்றி ஹாப்கின்ஸ். அடிமை முறைக்கு வேதாகமத்தில் தடை இல்லை என்று எழுதி, வடக்கில் இருந்துகொண்டே வடக்கின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த பேராயர்களில் சிலர், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு நேற்றுவரை ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர்கள். அரங்கின் இன்னொரு பக்கம், அடிமை முறை ஒழிந்ததற்கும் தேசத்தின் அதிகாரம் நிலைநின்றதற்கும் வெளிப்படையாக நன்றி ஆராதனை நடத்தியே தீர வேண்டும் என்று தீர்மானத்தோடு காத்திருக்கிறார்கள் சிலர். அது நிறைவேறினால் பின்வரிசையில் இருக்கும் இருவரும் அடுத்த ரயிலில் ஊர் திரும்பிவிடுவார்கள்.

ஹாப்கின்ஸ் வாயைத் திறந்தார்.

(தொடரும்)